ரத்தத்தில் பயம் ஓடுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. அவருக்கு வயது 36. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. ஏழெட்டு மாதங்களாக மகனுக்குக் காலையில் வயிற்றுவலி வருகிறது, அதுவும் பள்ளி நாட்களில் மட்டும். சில நாள் குமட்டல், சில நாள் அழுகை. இரவில் படுத்தால் தூக்கம் வர ஒரு மணி நேரம் ஆகிறது. குழந்தை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை, எடை சரியாக இருக்கிறது, ஓராண்டில் 6 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தாய்க்கு மனம் ஆறவில்லை. விளம்பரத்தில் பார்த்த ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ பரிசோதனையை ஒரு லேபில் தாமாகவே செய்துபார்த்தார். மகனுக்கு மட்டுமல்ல, தமக்கும் எடுத்துக்கொண்டார். மகனின் காலை கார்டிசால் 24, அவருடையது 31. உச்ச வரம்பு 22 என்று அந்த லேப் குறித்திருந்ததால் இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி.

அந்தத் தாளைப் பார்த்த மாமியார், “அப்படியே உன் ரத்தம்” என்றாராம். கணவர் மறுத்துப் பேசவில்லை. இவர் சிறுவயதிலிருந்தே பயந்த சுபாவம். இவருடைய அப்பாவும் எதற்கெடுத்தாலும் பதறுவார். கார்டிசால் அளவு 60 சதவீதம் மரபுவழி என்று எங்கோ படித்ததும் எல்லாம் பொருந்திவிட்டது போலத் தோன்றியிருக்கிறது. நான்கு கேள்விகள் கேட்கிறார்: இதை நான்தான் மகனுக்குக் கொடுத்தேனா? மரபணுப் பரிசோதனை செய்யலாமா? கார்டிசாலைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கலாமா? மகளுக்கும் வருமா? கடிதத்தின் முடிவில் இன்னொரு வரியும் இருந்தது. பெரியவர்கள் பேசியது காதில் விழுந்த மகன் அன்று இரவு கேட்டானாம்: “என் ரத்தத்துல பயம் இருக்காம்மா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் எண் போட்டிருக்கிறீர்கள். எண் போடாத ஐந்தாவது உங்கள் மகனுடையது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன் அந்த லேப் தாள்களைப் பார்த்துவிடுவோம். வீட்டில் நடந்த பேச்சு முழுவதும் அவற்றின் மேல்தான் எழுந்து நிற்கிறது. என் கணிப்பில் அந்த அஸ்திவாரமே ஆட்டம் காண்கிறது.

அந்த இரண்டு எண்கள்

கார்டிசாலுக்கு ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது அதன் போதாத காலம். அது விஷமல்ல. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிப்பது அது. இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் தகவல் கொடுக்கும், பிட்யூட்டரி சுரப்பி அதை ரத்தத்தின் வழியே அனுப்பும், சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசாலைச் சுரக்கும். போதுமான அளவு சுரந்ததும், “நிறுத்து” என்று மூளைக்குத் தெரிவிப்பதும் கார்டிசாலேதான். ஒரு நாளுக்குள்ளேயே இது ஏறி இறங்கும். கண் விழித்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும், பிறகு படிப்படியாக இறங்கி நள்ளிரவையொட்டி அடிமட்டத்துக்குப் போகும். இதற்கு நடுவே ஏதாவது திடுக்கிட வைத்தால் இருபது முப்பது நிமிடங்களில் தனியாக ஒரு ஏற்றம்.

உங்கள் மகனுக்கு எப்போது ரத்தம் எடுத்தார்கள்? காலை எட்டே முக்காலுக்கு. எப்படி எடுத்தார்கள்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: முக்கால் மணி நேரம் வரிசையில் காத்திருந்து, பக்கத்து அறையில் வேறொரு குழந்தை அலறுவதைக் கேட்டு, ஊசியைப் பார்த்ததும் துள்ளி, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கார்டிசால் ஏறாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். 24 என்ற எண் அவன் உடம்பு சரியாக வேலை செய்ததற்கான சான்று. ஊசிக்குப் பயந்த ஒரு காலைப் பொழுதின் அளவு அது. அதிலிருந்து அவனுடைய சுபாவத்தைப் படிக்க முடியாது.

உங்களுடைய 31-க்கு வருகிறேன். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது, மாதவிடாய்ப் போக்கு அதிகமாக இருப்பதால் ஓராண்டாகக் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்வதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை லேபில் யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை என்றால் உங்கள் எண்ணுக்கான விளக்கம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. ரத்தத்தில் உள்ள கார்டிசாலில் மிகப் பெரும் பங்கு சும்மா மிதப்பதில்லை. ஒரு சுமைதூக்கிப் புரதத்தின் தோளில் ஏறிக்கொண்டுதான் போகிறது. கட்டில்லாமல் தனியாக உலவும் சிறு பங்குதான் திசுக்களில் வேலை செய்யும். வாய்வழியாகச் சாப்பிடும் ஈஸ்ட்ரோஜன், இந்தச் சுமைதூக்கிப் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகத் தயாரிக்கும்படி செய்கிறது. சுமைதூக்கிகள் கூடினால் ஏற்றிச் செல்லும் மொத்தச் சரக்கும் கூடும். சாதாரண ரத்தப் பரிசோதனை அந்த மொத்தத்தைத்தான் அளக்கிறது. வேலை செய்யும் பங்கு எவ்வளவு என்பதை அது காட்டாது. மாத்திரையை நிறுத்திக் கிட்டத்தட்ட ஆறு வாரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. இதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தேவையில்லாத ஒரு பரிசோதனையைச் சரிசெய்ய, தேவையான ஒரு மருந்தை விடுவது நல்ல வியாபாரம் அல்ல.

ஆக, உங்கள் 31-க்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரை, அவனுடைய 24-க்குக் காரணம் ஊசி. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஒரே ரத்தம்’ என்று படித்தது, காரணம் வேறு வேறான இரண்டு காய்ச்சல்களை ஒரே நோய் என்று சொல்வது போல.

60 சதவீதம் எங்கிருந்து வந்தது?

நீங்கள் படித்தது பொய் அல்ல. நெதர்லாந்தில் 12 வயது இரட்டையர்கள் 180 ஜோடிகளிடம், இரண்டு நாட்கள், நாளுக்கு நான்கு முறை உமிழ்நீர் எடுத்து கார்டிசாலை அளந்தார்கள். 2003-ல் வெளியான ஆய்வு அது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் மரபணுக்கள் கிட்டத்தட்ட முழுக்க ஒன்று. இரு கருவாக உருவான இரட்டையர் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். முதல் வகையினரின் அளவுகள் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போகின்றன என்பதை வைத்து மரபின் பங்கைக் கணக்கிடுவார்கள். கண் விழித்துச் சுமார் 45 நிமிடம் கழித்து எடுத்த மாதிரியில் அந்தப் பங்கு 60 சதவீதம் வந்தது. இணையத்தில் சுற்றுவது இந்த எண்தான். அதே ஆய்வில், அதே குழந்தைகளிடம், மாலையில் எடுத்த மாதிரியில் மரபின் பங்கு குறிப்பிடும்படி எதுவும் தென்படவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. “உன் ரத்தம்” என்பவரிடம், “எத்தனை மணிக்கு?” என்று கேட்கலாம் போலிருக்கிறது. (உங்கள் மாமியாரிடம் இதைக் கேட்கும்படி நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.)

இதைவிட முக்கியமானது, அந்தச் சதவீதம் எதைப் பற்றியது என்பது. மகனின் பதற்றத்தில் 60 சதவீதம் நீங்கள் கொடுத்தது, 40 சதவீதம் அவன் சேர்த்தது என்று நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அப்படிப் பிரிக்க முடியாது. மேளச் சத்தத்தில் தோலுக்கு எத்தனை சதவீதம், குச்சிக்கு எத்தனை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆனால் ஒரு ஊர் மேளங்களையெல்லாம் வரிசையாக வைத்து, ஒன்றுக்கொன்று சத்தத்தில் ஏன் வித்தியாசம் என்று கேட்டால், அந்த வித்தியாசத்தில் தோலின் பங்கு இவ்வளவு என்று சொல்லலாம். மரபுவிகிதம் என்பது இந்த இரண்டாவது வகைக் கணக்கு. ஒரு கூட்டத்தில் உள்ள வித்தியாசங்களைப் பற்றியது. தனி ஒரு குழந்தைக்கு அது பொருந்தாது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். எல்லாக் குச்சிகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டால், தோலைத் தொடாமலே தோலின் பங்கு கூடிவிடும்!

இது வெறும் தர்க்க விளையாட்டு அல்ல. கனடாவின் கியூபெக்கில் 19 மாத இரட்டைக் குழந்தைகளை, அவர்களுக்குப் புதிதாக இருக்கும் சூழ்நிலையில் வைத்து கார்டிசால் எப்படி ஏறுகிறது என்று பார்த்தார்கள். குடும்பச் சூழல் ஓரளவு சீராக இருந்த குழந்தைகளிடம் மரபின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. நெருக்கடிகள் நிறைந்த குடும்பங்களில் அது மங்கிப்போய், வித்தியாசங்களைச் சூழலே தீர்மானித்தது. குழந்தைகளின் மரபணு அதேதான். வீடு மாறினால் அது பேசும் சத்தம் மாறுகிறது.

இன்னொரு தப்பெண்ணமும் உங்கள் கடிதத்தில் ஓடுகிறது: கார்டிசால் கூடினால் மன அழுத்தம், குறைந்தால் நிம்மதி என்று. குழந்தைகள் விஷயத்தில் இது பலமுறை தலைகீழாகப் போகும். ஆதரவில்லாத விடுதிகளில் சிசுப் பருவத்தைக் கழித்த குழந்தைகளிடம் காலை உச்சமே சரியாக எழாமல், நாள் முழுக்கச் சமதளமாக ஓடும் கார்டிசாலைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். மிகவும் துன்பப்பட்ட குழந்தையின் தாளில் சிவப்பு அம்புக்குறி இல்லாமலே போகலாம். பதற்றக் கோளாறு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க கார்டிசால் பரிசோதனை உதவாது. நானும் ஒரு காலத்தில், பெற்றோர் கேட்டார்களே என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். எண் வந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று எனக்கே தெரியாமல் விழித்ததுதான் மிச்சம். இப்போது எழுதுவதில்லை.

அப்படியானால் எதுவுமே இறங்கிவருவதில்லையா?

வருகிறது. அதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை. சட்டென்று மிரளும் சுபாவம், புதியதைக் கண்டு ஒதுங்கும் குணம், இவற்றில் மரபுக்குப் பங்கு உண்டு. ஆனால் பதற்றமுள்ள பெற்றோரின் பிள்ளைக்கும் பதற்றம் வந்தால், அது மரபணு வழியாக வந்ததா, வீட்டில் பார்த்துப் படிந்ததா? ஸ்வீடன் இரட்டையர் குடும்பங்களை வைத்து இதைச் சாமர்த்தியமாகச் சோதித்தார்கள். ஒரே கரு இரட்டையரில் ஒருவரின் பிள்ளைக்கு, தன் பெற்றோரும் பெற்றோரின் இரட்டையரும் மரபணு அளவில் சமம். ஆனால் ஒரே வீட்டில் வளர்ப்பது பெற்றோர் மட்டும்தான். 2015-ல் வெளியான முடிவு: பெற்றோரின் பதற்றத்துக்கும் பிள்ளையின் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பு, மரபணுவைக் கழித்த பிறகும் நின்றது.

இதைப் படித்ததும், “அப்போ இன்னும் மோசம், என் நடத்தைதான் காரணமா?” என்று உங்களுக்குத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், பதற்றக் கோளாறு உள்ள பெற்றோரையும் இன்னும் பதற்றம் வராத அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்து 136 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்குக் குடும்பமாக உட்கார்த்திச் சில வாரப் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டில், பயிற்சி கிடைக்காத பிள்ளைகளில் 31 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறு வந்தது. பயிற்சி பெற்ற குடும்பங்களில் அது மிகச் சிலருக்கே. பெற்றோரின் மரபணுக்களை யாரும் மாற்றவில்லை. பயத்தை வீட்டில் எப்படிக் கையாள்வது என்பது மட்டும் மாறியது. நடத்தை வழியாக வருவது என்றால் கைவைக்க இடம் இருக்கிறது என்று பொருள். குற்றம் சுமத்த அல்ல.

எலிகளிடம் கண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். குட்டிகளை நக்கிச் சீவிப் பராமரிக்கும் தாய் எலிகளும் உண்டு, அதில் அசட்டையான தாய்களும் உண்டு. அசட்டைத் தாயின் குட்டிகள் வளர்ந்து பதறும் எலிகளாயின. ‘பரம்பரை’ என்று சொல்லிவிடலாம். ஆனால் பிறந்தவுடன் குட்டிகளை மாற்றிப் போட்டபோது, அவை பெற்ற தாயை ஒத்துப்போகவில்லை, வளர்த்த தாயைப் போல ஆயின. கார்டிசாலுக்கு ஈடான ஹார்மோனை மூளையில் உணரும் ஏற்பியின் மரபணு மேல், தாயின் பராமரிப்பைப் பொறுத்து ஒரு ரசாயன முத்திரை மாறுவதை 2004-ல் காட்டினார்கள். எலியை வைத்து மனிதக் குழந்தைக்கு நேராகத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது என் கட்சி. ‘தாயிடமிருந்து வந்தது’ என்பதும் ‘மரபணுவில் வந்தது’ என்பதும் ஒன்றல்ல என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மரபணுப் பரிசோதனை

வேண்டாம். இதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது, அதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. 2014-ல் 12,597 பேரின் மரபணுத் தொகுதியை முழுக்க அலசி, காலை கார்டிசாலோடு தொடர்புள்ள இடங்களைத் தேடினார்கள். உறுதியாகச் சிக்கியது ஒரே ஒரு இடம். அது எது தெரியுமா? உங்கள் 31-ஐ ஏற்றிவிட்டதே, அந்தச் சுமைதூக்கிப் புரதத்தை உருவாக்கும் மரபணு இருக்கும் இடம். மூளையிலோ மனநிலையிலோ பதற்றத்தை உண்டாக்கும் மரபணு அல்ல. அதுவும்கூட மனிதர்களுக்கிடையே உள்ள கார்டிசால் வித்தியாசத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விளக்குகிறது. இரட்டையர் ஆய்வு சொல்லும் பெரிய எண், கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சிறு வித்தியாசங்களில் சிதறிக் கிடக்கலாம். எந்த லேபாலும் அதைக் கூட்டிக் கழித்து உங்கள் மகனுக்கு ஒரு விடை சொல்ல முடியாது.

வணிக நிறுவனங்கள் தரும் அறிக்கைகளில் ‘ஸ்ட்ரெஸ் மரபணுக்கள்’ என்று சில பெயர்கள் வரும். அவற்றில் எஃப்கேபிபி5 என்ற மரபணு ஆய்வாளர்கள் உண்மையிலேயே ஆர்வத்தோடு பார்ப்பது. கார்டிசாலின் “நிறுத்து” என்ற சொல் செல்லுக்குள் எவ்வளவு கேட்கிறது என்பதில் அதற்குப் பங்கு உண்டு. சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அதன் சில வகைகள் பிற்கால மனப்பாதிப்போடு தொடர்புடையவை என்று 2008-ல் ஒரு ஆய்வு வந்தது. கொடுமை நேராதவர்களுக்கு அது தனியாகப் பெரிதாக எதையும் சொல்லவில்லை. பொதுவாக இந்த ஒற்றை மரபணுக் கதைகள் பெரிய எண்ணிக்கையில் சோதிக்கும்போது நிற்பதில்லை. மனச்சோர்வுக்குக் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் பேசப்பட்ட 18 மரபணுக்களை 2019-ல் லட்சக்கணக்கானோரின் தரவில் சோதித்தபோது, மற்ற எந்த மரபணுவையும்விட அவற்றுக்குக் கூடுதல் பங்கு இல்லை என்று தெரிந்தது.

இரண்டாவது, அது அவனுடைய உரிமை. சிறுவயதிலேயே சிகிச்சைக்கு உதவும் நோய் என்றால் பெற்றோர் முடிவெடுக்கலாம், எடுக்க வேண்டும். அப்படி இல்லாதவற்றை, அவன் வளர்ந்து தானே முடிவு செய்யும்வரை விட்டுவைப்பதே முறை. நேரடியாக விற்கப்படும் மரபணுப் பரிசோதனைகளைக் குழந்தைகளுக்குச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் மருத்துவ மரபியல் கல்லூரியும் 2013-லேயே சேர்ந்து அறிவுறுத்தின. எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பிய பிறகு திரும்ப வாங்க முடியாது. 2025 மார்ச்சில் 23அண்ட்மீ நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, ஒன்றரைக் கோடி பேரின் மரபணுத் தகவல் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்தது நினைவிருக்கலாம். 9 வயதுப் பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்த ஒரு சிவப்பு அம்புக்குறி போதாது.

மாத்திரை, உண்மையான கார்டிசால் நோய்கள்

கார்டிசாலைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. அவை, உடம்பில் கார்டிசால் நெடுநாளாக மிகுந்துபோகும் குஷிங் நோய்க்குறி போன்ற அரிய நிலைகளுக்கு, மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுப்பவை. பதற்றத்துக்கு அல்ல. ‘கார்டிசாலைத் தணிக்கும்’ என்று கடையில் விற்கும் மூலிகைக் குளிகைகள், பொடிகள் எதையும் அவனுக்குக் கொடுக்காதீர்கள். இயற்கைப் பொருள் என்பதால் கல்லீரல் அதை மன்னித்துவிடுவதில்லை.

உண்மையிலேயே கார்டிசால் மிகுந்த குழந்தையை நாங்கள் எண்ணைப் பார்த்துச் சந்தேகிப்பதில்லை, வளர்ச்சி அட்டையைப் பார்த்துச் சந்தேகிக்கிறோம். எடை ஏறிக்கொண்டே போகும், உயரம் நின்றுவிடும். சும்மா குண்டாகும் குழந்தை பெரும்பாலும் உயரமும் ஆகும். குஷிங்கில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதுதான் அடையாளம். முகம் உருண்டையாகும், ரத்த அழுத்தம் கூடும். உங்கள் மகன் ஓராண்டில் 6 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான். அந்த ஒரு தகவல் லேப் தாளைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. சந்தேகம் இருந்தாலும் ஒரு காலை ரத்தத்தோடு நிறுத்தமாட்டோம். நள்ளிரவு உமிழ்நீர், 24 மணி நேரச் சிறுநீர், டெக்சாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டு கொடுத்து கார்டிசால் அடங்குகிறதா என்று பார்ப்பது என்று தனி வழி உண்டு.

மரபணு ஒரே அடியில் கார்டிசாலைத் தீர்மானிக்கும் நோயும் உண்டு. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சியில் ஒரு நொதியின் மரபணு பழுதாகி, கார்டிசால் போதுமான அளவு சுரக்காமல் போகும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வர வேண்டும். ஏறத்தாழ 15,000 பிறப்பில் ஒன்று. பெரும்பாலும் பிறந்த சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். உங்கள் வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘மரபணு, கார்டிசால், குழந்தை’ என்று தேடினால் இதுதான் முதலில் வந்து பயமுறுத்தும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அவனுக்கு மூச்சிழுப்புக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரோ தோலுக்கு ஸ்டீராய்டு களிம்போ நெடுநாளாகப் போகிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வலி இரவில் தூக்கத்தைக் கலைத்தால், எடை குறைந்தால், மலத்தில் ரத்தம் போனால், காய்ச்சல் விடாமல் அடித்தால், ‘இது பதற்றம்’ என்று இருந்துவிடாமல் உடனே காட்டுங்கள்.

கடிதத்தில் நீங்கள் தாண்டிப்போன வரி

என் கண்ணில் பட்டது இதுதான். “இந்த வருஷம் வகுப்பு மாறியது. மொழிப் பாடம் இருக்கிற நாளில் வலி ரொம்ப ஜாஸ்தி. டீச்சர் எல்லாரையும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வாராம்.” இதை எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே உங்கள் அப்பாவின் பதற்றத்துக்குப் போய்விட்டீர்கள்.

வலிக்கு நாள் கணக்கு இருக்கிறது, பாடம் கணக்கு இருக்கிறது. விடை கால அட்டவணையில் இருக்க, நாம் ரத்தத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். அவன் சத்தமாக வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எழுத்தைத் தாவுகிறானா, வரியைத் தவறவிடுகிறானா, வயதுக்கு மீறித் திணறுகிறானா? அப்படியென்றால் முதலில் கண் பரிசோதனை, அடுத்து வாசிப்புக் குறைபாடு உண்டா என்று ஒரு முறையான மதிப்பீடு. வாசிப்பு சரியாக இருந்தால், வகுப்பில் யாராவது சிரிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்று பாருங்கள். ‘ஏன் பயப்படுறே?’ என்று கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது. ‘வாசிக்கும்போது என்ன நடக்கும், சொல்லு’ என்று கேட்டால் சொல்வான்.

வலி பொய் அல்ல என்பதில் நீங்கள் உறுதியாக இருக்கிறீர்கள், சரிதான். குடலும் மூளையும் அவ்வளவு நெருக்கம். ஆனால் வலி அதிகமான நாட்களில் வீட்டில் நிறுத்திக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். இதில்தான் உங்களோடு நான் மாறுபடுகிறேன். அன்று பத்து மணிக்கெல்லாம் வலி போய்விடும்; போனதும் அவன் மூளை கற்றுக்கொள்வது, ‘தப்பித்ததால் பிழைத்தேன்’ என்பதை. அடுத்த வாரம் வலி இன்னும் சீக்கிரம் வரும். அதட்டி அனுப்புவதும் வேண்டாம். “வயிறு வலிக்குது, கஷ்டமா இருக்கு, எனக்குத் தெரியும். அதோட உன்னால போயிட்டு வர முடியும்னும் எனக்குத் தெரியும்.” இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்தே வர வேண்டும். முதல் வாக்கியம் மட்டும் வந்தால் பயம் வளரும், இரண்டாவது மட்டும் வந்தால் பிள்ளை தனியாகிவிடுவான். ஆசிரியரிடம் பேசி, சில வாரங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த இரண்டு வரியை மட்டும் வாசிக்க விடச் சொல்லுங்கள். பிறகு நாலு வரி, பிறகு அரைப் பக்கம்.

ஆறு வாரத்தில் அசைவே தெரியாவிட்டால் குழந்தை உளவியலாளரிடம் போங்கள். பயமூட்டும் எண்ணங்களையும் ஒதுங்கும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் பிள்ளைகளிடம் நல்ல பலன் உண்டு. பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தரும் முறையும், 2020-ல் வந்த ஒப்பீட்டில் அதற்குக் குறைவில்லாமல் பலன் தந்தது. கணவரையும் கூட்டிப் போங்கள். தாளைப் பார்த்து மௌனமாக இருந்தவருக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் சொந்தப் பதற்றத்துக்கும் அதே நேரத்தில் உதவி கேளுங்கள். மகனுக்காக என்று சொல்லிக்கொண்டு போனாலும் சரி, உங்களுக்காகவே போனாலும் சரி.

காலம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்கு ஒரு சிறு தகவல். 9, 10 வயதுப் பிள்ளைகளை எல்லோர் முன்பும் பேசச் சொல்லும் சோதனையில், தயாராகும்போது பெற்றோர் கூட இருந்தாலே கார்டிசால் ஏற்றம் நன்றாக அடங்கியது. 15, 16 வயதுப் பிள்ளைகளிடம் அது பலிக்கவில்லை. உங்கள் மகனுக்கு இப்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியை வாசிக்கக் கேட்பதே ஒரு மருந்து.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். கூடப் பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுக்களைத்தான் பகிர்கிறார்கள். நீங்களே எழுதியபடி, அவள் தெரியாதவர்களிடமும் போய்ப் பேச்சுக் கொடுக்கும் ரகம். அவளுக்குப் பரிசோதனை எதுவும் வேண்டாம். ‘இவளுக்கும் வந்துவிடுமோ’ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

இனி உங்கள் மகனின் கேள்வி. பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவன் மறந்திருக்கமாட்டான். இன்று இரவே நீங்களாக எடுத்துப் பேசுங்கள். “அன்னைக்கு ஒண்ணு கேட்டியே, ரத்தத்துல பயம் இருக்கான்னு. இல்லடா. எல்லார் ரத்தத்துலயும் கார்டிசால்னு ஒண்ணு இருக்கு. காலையில நம்மள எழுப்பி விடுறதே அதுதான். ஊசியைப் பார்த்ததும் உனக்குக் கொஞ்சம் ஏறிச்சு, அப்புறம் இறங்கிடுச்சு. எனக்கு ஏறினது நான் சாப்பிடுற மாத்திரையால. லேப்ல அத யாரும் கேக்கல, அவ்வளவுதான்.” இவ்வளவு போதும். அவன் மேலே கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வாசிப்புப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லுங்கள்.

அந்தத் தாள்களை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உங்களுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தவரை அடுத்த முறை பார்க்கும்போது உங்கள் 31-ஐ மட்டும் காட்டி, ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.